வாசனை சேர்க்காதது

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முதுகுவலி மட்டும் போகச் சொன்னாலும் போகாத விருந்தாளியாகக் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நம் கடுகும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் அவள் உன் தோளில் தொங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்கிறாள். இது அவளுக்கு இப்போதைக்குத் தெரியக் கூடாத விஷயம். வருகிற ஜூனில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுக்கப் போகிறார்கள். ஆறு வருஷம் விடுதியில் நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்தாயிற்று. இனி இரண்டு அறை, ஒரு சமையலறை, தனிக் குழாய். வீடு தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். கடுகை என்னோடு அழைத்துக்கொள்வேன். அவளுடைய அப்பா கண்ணை மூடியதும், அவருடைய இடத்தில் எனக்கு இந்தச் சோப்பு வேலையைக் கொடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது பதினொன்று. பால் பல் விழுந்தது, புதுப் பல் முளைத்தது எல்லாம் நீதான் பார்த்தாய். மிச்சத்தையாவது நான் பார்க்கிறேன். ஆர்டர் கையில் வரட்டும், அப்புறம் அவளிடம் சொல்லலாம்.

பார்சலில் வழக்கம்போல ஓரம் உடைந்த சோப்புகள் இருக்கின்றன. உடைந்ததை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லாம் நான் வாசனை கலந்த தொட்டியில் வந்தவை. இந்தத் தடவை ரோஜாவில் மேனேஜர் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த மனிதர் குறை சொல்லாமல் இருந்தாலே எங்களுக்கு அது பதக்கம்.

நீ அனுப்பிய போட்டோவில் கடுகின் கன்னம் சிவந்திருக்கிறதே, வெயிலில் ஆடினாளா? எழுது.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சொன்னால் கேள்.

குவார்ட்டர்ஸ் விஷயம் படித்தேன். சந்தோஷம்.

கடுகுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிகிறது. கன்னம் சொரசொரவென்று இருக்கிறது. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறாள். வெயில்தான் என்று நினைக்கிறேன். வளருகிற வயது வேறு. மருந்துக் கடைக்குப் போய், சின்னப் பெண்ணுக்கு மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று கொடுங்கள் என்றேன். கடைக்காரர் பதினாறு பாட்டிலை வரிசையாக வைத்துவிட்டார். எல்லாவற்றிலும் ஒரு பெண் கன்னத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நம்மவள் அப்படி அடித்தால் தெருவே கூடிவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறேன், அந்தப் பாட்டில் எழுத்துகளைப் படித்து ஒன்றும் புரியாமல் வெறுங்கையோடு வந்தேன்.

இதில் ஊறியவள் நீ. வாசனை கீசனை இல்லாமல் எதுவாவது நல்லதாக இருந்தால் சொல். இப்போதைக்குச் சோப்பு அனுப்ப வேண்டாம், நிறைய சேர்ந்துவிட்டது.

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே எல்லோரும்? உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

தலைவலிக்குப் பக்கத்துத் தெரு வைத்தியரைத் தேடுகிறாயே, வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது! அந்தப் பாட்டில்களை விடு. நுரை பொங்குவது எதுவும் அவளுக்கு வேண்டாம். நுரைதான் தோலின் எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கழுவினால் போதும். உரிகிறதே என்று தேய்த்து எடுக்காதே.

கூட ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடுகுக்கென்று தனியாக ஊற்றிய சோப்பு. நுரையும் காரமும் குறைத்து, கிளிசரின் கூட்டி, ரோஜாவை ஒரு துளி மட்டும் விட்டிருக்கிறேன். துளிகூட விடாமல் இருந்தால் அது அம்மா செய்ததென்று அவளுக்கு எப்படித் தெரியும்? எந்தக் கடையிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று சொல்லிக் கொடு.

அன்புடன்
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சோப்பு வந்து சேர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். கடுகு கணக்கில் வகுப்பிலேயே முதல். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று இவர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிவிட்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பயணிகளிடம்கூடச் சொல்லியிருப்பார்.

குவார்ட்டர்ஸ் ஜூனில்தானா? ஒருவேளை தள்ளிப்போகுமா? சும்மா கேட்டேன்.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. கடுகுக்கு இப்போது பரவாயில்லை, பயப்படாமல் படி.

அந்தச் சோப்பை நான் அவளிடம் கொடுக்கவில்லை. துணி அலமாரியில் மேல் தட்டில், போர்வைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நாளாகக் காலையும் மாலையும் முகத்தில் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. கன்னம் வீங்கி நீர் கோத்துக்கொண்டிருந்தது. தோல் டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "ஜனவரியிலயே சொன்னேனேம்மா, வாசனை கலந்தது எதுவும் இவளுக்கு ஆகாதுன்னு. படிச்சவங்கதானே நீங்க?" என்றார்.

ஆமாம் அக்கா, ஜனவரியிலேயே சொன்னார். உனக்கு வெயில் என்று எழுதியது பொய். உன் சோப்புதான் காரணம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மாதம் தவறாமல் நீ அனுப்புவது அது ஒன்றுதான், அவளும் அதை எண்ணி எண்ணி அடுக்கி வைக்கிறாள். "எரியுதுன்னு தெரிஞ்சும் ஏண்டி போட்டே?" என்று கேட்டேன். "அம்மா வாசனை வருது சித்தி. கொஞ்ச நேரம்தானே எரியுது" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேலை செய்கிற இடத்தைப் பற்றி டாக்டர் கேட்டார், சொன்னேன். "அங்க காத்துலயே அது இருக்கும். இந்தப் பொண்ண அங்க குடி வைக்காதீங்க" என்றார். இதை எழுதினால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை


ஏப்ரல் 30

தங்கைக்கு,

நீ எழுதி ஆறு வாரம் ஆகிறது. பேனாவை எடுத்தால் ஏடாகூடமாக எழுதிவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். இருந்தும் ஆறவில்லை.

மாதக்கணக்கில் என் கையால் செய்தது என் பிள்ளை முகத்தைத் தின்றிருக்கிறது. ஊர் டாக்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடைசிச் சோப்பை நான் ஊற்றியிருப்பேனா? இப்போது குவார்ட்டர்ஸ் ஆர்டர் கையில் வந்திருக்கும் நேரம் பார்த்து, அவளை இங்கே வைக்கக் கூடாது என்கிறாய். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாம். டாக்டரைச் சாட்சிக்கு இழுத்திருக்க வேண்டாம். பெற்றவளாக இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

மே விடுமுறையில் அவளைப் பத்து நாள் அனுப்பு. எது ஆகும் எது ஆகாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அடிக்காமல் விட்ட வரியைப் படித்தேன். இவரிடம் காட்டவில்லை.

நேராகச் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன். எனக்கு மனமில்லைதான். ஜூன் என்று நீ எழுதிய நாளிலிருந்து அவள் தலைக்குப் பின்னல் போடும்போதெல்லாம் இன்னும் எத்தனை பின்னல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை டாக்டர் சொன்னபோது, கடவுள் சத்தியமாக, மனதின் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டேன். அந்த வெட்கத்தில்தான் உனக்கு எழுதவில்லை. ஆனால் என் மனதில் இருக்கிற கள்ளம் அவள் முகத்தில் இருக்கிற புண்ணைப் பொய்யாக்கிவிடாது அக்கா.

பன்னிரண்டாம் தேதி இவர் அழைத்து வருகிறார். களிம்பு பையின் வெளி அறையில் இருக்கிறது. தலையணை உறையை வெறும் தண்ணீரில் அலசு. எரிகிறதா என்று அவளிடம் கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வாள். முகத்தைப் பார்.

நீ சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

உன் தங்கை


மே 24

அன்புத் தங்கைக்கு,

கடுகு வந்து சேர்ந்திருப்பாள். நீ நலமா? போன கடிதத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரியை உன் கையால் நீயே அடித்துவிடு. மன்னிப்பு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது.

நான் செய்யாதது ஒன்றுமில்லை. அவள் வருவதற்கு முன்பே குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கி, சுவரிலிருந்து தரைவரை மூன்று தடவை வெறும் தண்ணீரால் கழுவினேன். என் துணிகளை எல்லாம் கொதிக்க வைத்து அலசினேன். ஷிப்ட் முடிந்ததும் கேட் பக்கத்துக் குளியலறையிலேயே குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தலைமுடியில் வாசனை போகவே இல்லை. முதல் நாள் அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விலக்க மனம் வரவில்லை. அரை மணி நேரத்தில் அவள் கழுத்து சிவந்துவிட்டது. "எரியுதா?" என்று கேட்டுவிட்டேன், நீ கேட்காதே என்று சொல்லியும். "எரியலம்மா, பஸ்ல வந்த சூடு" என்றாள். பொய்யில் உன்னிடமே பயிற்சி எடுத்திருக்கிறாள்.

பகலில் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிப்பாள். மாலை நாலு மணிக்கு நான் வரும்போது சிரித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். முகம் அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை விண்ணப்பம்கூட வாங்கி வைத்தேன்.

ஏழாம் நாள் கொதிகலன் பழுது, மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டில் சத்தமே இல்லை. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் தரையில் முட்டி போட்டு, வாளித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி வைத்திருந்தாள். மூச்சு முட்டும்போது தலையைத் தூக்குவாள், சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் அமுக்குவாள். நான் வருவதற்குள் சிவப்பை அடக்குகிறாள். முகம் வெந்து உரிந்த மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த சுவடு தெரியாமல் வெளியே போய், குழாயடிக் கல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குச் செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் வந்தேன். வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த கொடுமை அவர் சாவுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை.

எனக்குத் திடீரென்று டபுள் ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்லி, மாப்பிள்ளைக்குப் போன் செய்து, இரண்டு நாள் முன்னதாகவே அவளை அனுப்பிவிட்டேன். மறுநாள் மேனேஜரிடம் போய் வாசனை இல்லாத செக்‌ஷன் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். "எங்க ஆபீஸ் பேப்பர்லயே வாசனை வருது, உங்களுக்கு நான் எங்க போய் இடம் தேட?" என்றார். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று நீ எழுதுவாய். எழுதாதே. எட்டாவது படித்தவளுக்கு அவர் செத்துக் கொடுத்த வேலை இது. இதில்தான் அவளுடைய படிப்பு நிற்கிறது. குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காத்திருப்பவர்கள் வரிசை நீளம், அன்றைக்கே வேறு குடும்பம் சாவியை வாங்கிக்கொண்டது.

ஜனவரியில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். வாசனை தெரியாதது என்று ஒரு வகை விற்பார்கள், அதை வாங்காதே. மருந்து வாடையை அமுக்குவதற்கு அதிலும் ஒரு வாசனையைத்தான் கலந்திருப்பார்கள். நானே அப்படிக் கலந்திருக்கிறேன். வாசனை சேர்க்காதது என்று எழுதியிருக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலையும் கடைசிவரை படிக்க வேண்டும். இங்கே நாலு கடை ஏறி இறங்கி, ஒரு வெள்ளை ட்யூபைத் தேடிப் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பால் மாதிரி இருக்கும், நுரைக்காது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இது அவளுக்கு ஒத்துக்கொள்ளும்.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. தினமும் எடுத்துப் படிப்பேன், மடித்து வைத்துவிடுவேன். அந்த வரியை அடித்துவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

நீ அனுப்பிய ட்யூப் ஒத்துக்கொண்டது. மூன்று வாரத்தில் செதில் போய்விட்டது, கன்னம் பழையபடி ஆகிவிட்டது. டாக்டரே, "யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார். "அவ அம்மா" என்றேன். முகம் சரியானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. அவள் இங்கேதான் இருப்பாள் என்று நினைத்தால் நிம்மதியாகத் தூங்குகிறேன், காலையில் எழுந்ததும் உன் ஞாபகம் வந்து அழுகிறேன்.

இத்துடன் கடுகின் கடிதம் இருக்கிறது. பசை போட்டு ஒட்டிக் கொடுத்து, பிரித்தால் பேசமாட்டேன் என்றாள். பிரிக்கவில்லை.

உன் தங்கை


(இணைப்பு)

அன்புள்ள அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? முதுகு வலிக்குதா?

என் முகம் சரியாயிடுச்சு. ஆனா நான் இப்போ எழுதறது வேற விஷயம். சித்திகிட்ட சொல்லிடாதே. நீ அனுப்பின ட்யூபை முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் தடவிப் பாக்கணும்னு டாக்டர் சொன்னார். அப்போதான் எனக்கு ஐடியா வந்துச்சு. உன் சோப்புல ஒரு துண்டு என் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கு. தினமும் ஸ்கூல் விட்டு வந்து அதை முழங்கையில தேய்ச்சுட்டு கடிகாரத்தைப் பாப்பேன். முதல் நாள் மூணு நிமிஷம்தான் தாங்கினேன். இப்போ பதினாலு நிமிஷம். கொஞ்சம் கொப்புளம் வந்துச்சு. முழுக்கை சட்டை போட்டா தெரியாது. கணக்கு போட்டுப் பாத்தேன். மூணு வாரத்துக்கு ஒரு தடவை நேரத்தை ரெண்டு மடங்கு ஆக்கிட்டே போனா டிசம்பருக்குள்ள ஒரு நாள் முழுக்க தாங்கிடுவேன். அதுவரைக்கும் குவார்ட்டர்ஸை யாருக்கும் குடுக்க வேணாம்னு மேனேஜர்கிட்ட சொல்லு. ஜனவரியில நீ சித்திக்கு எழுதினதை நான் படிச்சுட்டேன், திட்டாதே.

அங்க இருந்தப்போ எரிஞ்சுதுதான். ஆனா உன் பக்கத்துல படுத்தா தெரியலை. நிஜமா.

உன் கடுகு


ஜூலை 9

கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம்.

கையில் தேய்ப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். பெட்டியில் இருக்கும் துண்டைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, கையையும் காட்டு. மருந்து போடாமல் விட்டால் தழும்பாகிவிடும்.

குவார்ட்டர்ஸ் இனி கிடையாது. நான்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். உன் முகத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து எனக்கு அதுவே பழகிவிட்டது. நீ வந்திருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டது, வேலையில் கவனம் போய் ஒரு தொட்டியைத் தப்பாகக் கலந்து மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன். டபுள் ஷிப்ட் என்றதும் பொய். எனக்கு முடியவில்லை, அதனால்தான் அனுப்பினேன். நீ பதினாலு நிமிஷம் தாங்கினாலும் பதினாலு மாதம் தாங்கினாலும் நான் உன்னை அழைத்துக்கொள்ளப் போவதில்லை. உனக்குச் சித்தி வீடுதான் வீடு. அவள் சொல்வதைக் கேட்டு நட.

இதைப் படித்தால் உனக்கு என்மேல் கோபம் வரும். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அழுதால், உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைக் கழுவு. கண்ணீரில் உப்பு இருக்கிறது, உன் தோலுக்கு அது ஆகாது. அப்புறம் துண்டால் தேய்க்காதே. மெதுவாக ஒற்றி எடு.

அம்மா